வீட்டுக்குச் சூடு வேண்டும் வேளை எது?

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் தறுவாயில் மட்டக்களப்பு நாட்டிலே காற்றின் முகம் மாறத் தொடங்குகின்றது. வைகாசி முதலாக மேற்கிலிருந்து வீசி, முற்றத்து மண்ணையும் மனிதரின் பொறுமையையும் ஒருங்கே வறட்டிய கச்சான் காற்று மெல்ல மெல்ல ஓய்கின்றது. பிற்பகல்களில் இடி முழங்குகின்றது. இன்னுஞ் சில வாரங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வந்து விடும். கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடி நோக்கிச் செல்லும் வீதியிலே, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே வாவியும் இருக்க, இரண்டுக்கும் நடுவே கிடக்கின்றது நாவற்குடா. இத்தகைய ஊர்களுக்கு வாடை புதிய விருந்தாளி அன்று. எனினும் ஆண்டுதோறும் அது வந்து வாசலில் நின்ற பின்னரே நாம் போர்வையைத் தேடுகின்றோம்.

இதே நாட்களிற்றான் கடல் கடந்த நாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளிலும் ஒரு பேச்சு எழுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் இலையுதிர் காலம் தொடங்கியதும், வீட்டைச் சூடாக்கும் பொறியை எப்போது இயக்குவது என்பதே அப்பேச்சு. அங்கிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்களில் இது எவ்வாறேனும் தலைகாட்டி விடும்.

“மகள், வீட்டுக்குச் சூடு போட்டாச்சா?”

“இன்னும் இல்லையம்மா. ஐப்பசி முடியட்டும் என்கிறார் இவர். இப்பவே போட்டால் காசு கூட வருமாம்.”

“காசு கிடக்கட்டும் மனே. பிள்ளைக்குத் தடிமன் எண்டாய். முதலில் அதைப் பார்.”

மட்டக்களப்புத் தாய் ஒருத்தி, வெப்பமூட்டும் பொறியைக் கண்ணாற் கண்டிராதவள், இவ்வாறு கேட்பதைச் சிலர் வேடிக்கையாக எண்ணலாம். ஆயின் அவள் கேட்ட கேள்வியில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கின்றது. மருமகன் நாட்காட்டியைப் பார்க்கின்றார். கட்டணச் சீட்டைப் பார்க்கின்றார். அவளோ பிள்ளையைப் பார்க்கச் சொல்கின்றாள். இம்மூன்றில் எது சரியான அளவுகோல் என்பதே இவ்வாரம் நாம் ஆராய வேண்டிய விடயம்.

முதலில் உலகத்தார் இதற்கு வகுத்துள்ள விதிகளைப் பார்ப்போம். சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கில் நகரப் பொது வெப்பமூட்டலுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. நவம்பர் 15ஆந் திகதி தொடங்கி மார்ச் 15ஆந் திகதி முடியும். குளிர் முந்தி வருமாயின் தொடக்க நாளை முற்படுத்துவதும் உண்டு. உருசிய நாட்டில் நாளுக்குப் பதிலாக வெப்பமானி பேசுகின்றது. நாட் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாட்கள் 8 பாகை செல்சியசுக்குக் கீழே நின்றால் நகரத்தின் வெப்பக் குழாய்களைத் திறந்துவிட வேண்டும். நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலே, வாடகை வீட்டுக்கு வெப்பம் வழங்குவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பாயிருப்பின், செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டினுள்ளே குறைந்தது 20 பாகை வெப்பம் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், குளிர் காலத்தில் வீட்டினுள் 18 பாகை இருப்பது பொதுமக்களின் உடல்நலத்தைக் காக்கும் எனக் கூறியதுடன், முதியோர், குழந்தைகள், நோயாளர் ஆகியோருக்கு அதனிலுங் கூடிய வெப்பம் வேண்டியிருக்கலாம் என்றும் குறித்திருக்கின்றது.

இவ்வெண்களைப் படித்ததும், “நமக்கு இவை எதற்கு? மட்டக்களப்பிலே தை மாதத்து நள்ளிரவிலும் வெப்பமானி ஏறக்குறைய 23 பாகை காட்டுகின்றதே!” என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. வெப்பமானியின் எண் ஒன்றே குளிரின் அளவாயின் நம் நாட்டிற் குளிர் என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்கி விடலாம். ஆனால் 2022ஆம் ஆண்டு மார்கழி மாதம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அவ்வாண்டு டிசம்பர் 9ஆந் திகதி இரவு மாண்டஸ் என்னும் புயல் தமிழ்நாட்டு மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரை கடந்தது. புயலின் மையம் நம் கரையைத் தொடவில்லை. எனினும் அதனோடு வந்த குளிர்காற்றினாலும் மழையினாலும் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. பனி பெய்யாத, நீர் உறையாத நாட்டிலே, குளிர் தாக்கியே கால்நடைகள் இறந்தன என அதிகாரிகள் அறிவித்த செய்தியைப் பலராலும் நம்ப முடியவில்லை. பட்டியிலே கட்டி வைத்த பசுக்களையும், வெளியிலே நனைந்து நின்ற ஆடுகளையும் இழந்த குடும்பங்கள் நம்பவேண்டியவர்களாயினர். அவர்களின் வாழ்வாதாரமே அன்றோ போயிற்று?

இது எவ்வாறு நிகழ்ந்தது? குளிர் என்பது காற்றும் ஈரமும் வெப்பநிலையும் கூடிச் செய்யும் வேலை. மாணவர்கள் இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு கிராம் நீர் தோலின் மேலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். மழையில் நனைந்த சட்டை ஒன்றிலே 100 கிராம் நீர் இருக்குமென வைத்துக்கொள்வோம். அது முழுவதும் உலர 58,000 கலோரி வேண்டும். அசையாது அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல் ஒரு மணி நேரத்திற் பிறப்பிக்கும் வெப்பமோ ஏறக்குறைய 80,000 கலோரிதான். ஈரச் சட்டை தனக்கு வேண்டிய வெப்பத்தின் பெரும் பகுதியை அணிந்தவரின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாயின், அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு? இதற்கு மேலாகக் காற்று வீசுமாயின், உடலைச் சுற்றிப் போர்வைபோல் நிற்கும் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படையையும் அது அள்ளிச் சென்று விடுகின்றது. ஆகவே 20 பாகையில் நனைந்து காற்றில் நிற்பவர், 10 பாகையில் உலர்ந்த உடையோடு அறைக்குள் இருப்பவரைவிடக் கூடுதலாக நடுங்கக் கூடும். மெலிந்த பசுவும் இளங்கன்றும் இவ்வாறுதான் மடிந்தன. வலிமையுள்ளவை பிழைத்துக்கொண்டன.

வலிமையற்றதே முதலில் விழும் என்னும் இந்நியதி கால்நடைக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலே குளிர் முதலில் தேடி வருவது தொட்டிலையும் திண்ணையையும்.

தொட்டிலைப் பார்ப்போம். தாயின் வயிற்றில் 37 பாகையில் இருந்த குழந்தை, பிறந்த கணமே ஈர உடலோடு வெளிக்காற்றுக்கு வருகின்றது. அதன் நிறையோடு ஒப்பிட்டால், தோலின் பரப்பு வளர்ந்தவருக்கு உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே வெப்பம் விரைந்து வெளியேறுகின்றது. குளிர்ந்தால் நடுங்கி உடலைச் சூடாக்கிக் கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லையென்றே சொல்லலாம். இதனாலேயே பிரசவ அறையின் வெப்பம் 25 பாகைக்குக் குறையலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வற்புறுத்துகின்றது. முதற் குளிப்பாட்டலை ஒரு நாளேனும் தாமதப்படுத்துமாறும் அது கூறுகின்றது. இப்போது நம் தை மாதத்து 23 பாகையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ‘வெப்ப நாடு’ என்று நாம் மார்தட்டும் மட்டக்களப்பின் இரவும், பிறந்த குழந்தைக்கு வேண்டிய அளவிலிருந்து கீழிறங்கி விடுகின்றது. மாரி காலத்திற் பிள்ளை பெற்ற வீட்டிலே யன்னலைச் சாத்தி, வெந்நீர் வைத்து, துணியைச் சூடாக்கித் தந்த நம் பாட்டிமாரை, ஒன்றுமறியாதவர் என்று நகைத்தவர்கள் இவ்வெண்ணைக் கண்டபின் நகைக்க மாட்டார்கள்.

பொறியில்லாத வெப்பமூட்டி ஒன்றும் இருக்கின்றது. அது தாயின் மார்பு. 1978ஆம் ஆண்டிலே கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்து வைத்தியசாலை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமற் போயின. அங்கிருந்த வைத்தியர்கள் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைத்துக் காப்பாற்றும் முறையைக் கைக்கொண்டார்கள். கங்காரு முறை என்று பெயர்பெற்ற இதனை இன்று உலகெங்கும் வைத்தியர்கள் போற்றுகின்றார்கள். அதே 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கி, வீட்டுக் கூரைகளை வாரிச் சென்றதை முதியோர் மறந்திரார். கூரையும் விளக்கும் அடுப்பும் இல்லாது போகும் இரவிலும் கைவிடாத வெப்பம் எது என்பதை இளந் தாய்மார் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இனித் திண்ணையைப் பார்ப்போம். முதுமையில் உடல் வெப்பத்தைப் பிறப்பிக்கும் ஆற்றல் குறைகின்றது. அதனிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளிர்கின்றது என்று உணரும் ஆற்றலும் குறைந்து விடுகின்றது. “எனக்கென்ன குளிர்? நான் பார்க்காத மாரியா?” என்று கூறும் அப்பச்சியின் கை, தொட்டுப் பார்த்தால், குளிர்ந்து கிடக்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது நடுக்கம் இல்லாமலும் இருக்கலாம். பேச்சுக் குழறுதல், தடுமாற்றம், காரணமில்லாத உறக்கம் ஆகியவையே அறிகுறிகளாக வரும். ‘வயது போனால் இப்படித்தான்’ என்று அவற்றைத் தள்ளி விடாது, ஈர உடையை மாற்றி, போர்த்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் கடமை. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் குளித்துக் கோயிலுக்குச் செல்லும் முதியோருக்கு, ஒரு கிடாரம் வெந்நீர் வைத்துக் கொடுப்பது பக்திக்கு எவ்வகையிலும் குறைவாகாது.

ஆக, எப்போது சூடு வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? இதற்கு நமக்கு நல்லாசிரியராக வாய்ப்பது கோழிக் குஞ்சு. கோழி வளர்க்கும் வீடுகளில், தாயில்லாக் குஞ்சுகளுக்கு மின்குமிழைத் தொங்கவிட்டுச் சூடு கொடுப்பது வழக்கம். முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகையும், பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்தும் கொடுக்க வேண்டும் என்பது நூல்கள் கூறும் விதி. ஆனால் அனுபவசாலிகள் வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை, குஞ்சுகளையே பார்க்கின்றார்கள். குஞ்சுகள் குமிழின் கீழே ஒன்றன்மேலொன்றாக நெருக்கி நின்று கத்தினாற் சூடு போதாது. குமிழை விட்டு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தாற் சூடு மிகுந்து விட்டது. எங்கும் பரவலாக நின்று இரை கொத்தினால் அளவு சரி. எவ்வளவு எளிய சாத்திரம்! குமிழைத் தொங்கவிட்டவருக்குக் குளிர்கின்றதா, இல்லையா என்பதை இங்கே எவரும் கேட்பதில்லை.

வீடுகளில் மட்டும் இம்முறை தலைகீழாகி விடுகின்றது. வெளியே ஓடியாடி வேலை செய்து வியர்வையோடு வரும் ஆண்மகன், “என்ன புழுக்கம்! யன்னலைத் திறந்து விடு” என்கின்றான். அடுப்படியில் நின்று வெந்தவளும் அவ்வாறே நினைக்கலாம். மூலையிற் குறண்டிக் கிடக்கும் முதியவர் வாய் திறப்பதில்லை. தொட்டிற் பிள்ளைக்கு வாயே இல்லை. ரொறன்ரோவிலே கட்டணம் செலுத்துபவர் நாட் குறிக்கின்றார்; நாவற்குடாவிலே உடல் வலிமை உள்ளவர் யன்னலைத் திறக்கின்றார். இரண்டும் ஒரே பிழை. குளிரை மிகக் குறைவாக உணர்பவரே குளிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எவ்வகை நீதி? வீட்டின் வெப்பம் அங்குள்ள மிக மெலிந்தவருக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். குழந்தையின் நெஞ்சையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். முதியவரின் வயிற்றில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்திருந்தால், நாட்காட்டி எந்த மாதத்தைக் காட்டினாலும் சூடு வேண்டும் வேளை வந்துவிட்டது. காசைப் பற்றிய கவலை பொய்யன்று. வருவாய் குறைந்த வீட்டில் ஒவ்வொரு ரூபாவும் கணக்குத்தான். ஆயினும் சிக்கனம் செய்வதாயின், முழு வீட்டையும் குளிர விட வேண்டியதில்லை. மெலிந்தவர் படுக்கும் ஓர் அறையை முதலிற் காத்துக்கொண்டு, ஏனைய அறைகளில் வலியவர் இன்னொரு போர்வையோடு பொறுத்துக்கொள்ளலாம்.

சூடு வேண்டும் என்ற அவசரத்திற் புகையை வீட்டுக்குள் அழைத்து விடுதல் ஆகாது. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கடுங்குளிரைத் தாங்காது வீடுதோறும் நிலக்கரியை மேலும் மேலும் எரித்தார்கள். காற்று அசையாது நின்றமையால் அப்புகை மூடுபனியோடு கலந்து 5ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை நகரை மூடிற்று. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என அக்காலத்திற் கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் 12,000 வரையெனக் கூறினார்கள். அதன் விளைவாகவே 1956ஆம் ஆண்டில் அங்கே தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நம் வீடுகளில் நிலக்கரி இல்லை. சிரட்டைத் தணல் உண்டு. மழைக்கால இரவில் தணற்சட்டியை அறைக்குள் வைத்து, கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திவிட்டு உறங்குவது யமனுக்குப் பாய் விரிப்பதாகும். தணல் வெளியிடும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவர். மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ இயக்குவதும் இதே ஆபத்தைத் தரும். பிள்ளைக்குப் போடும் சாம்பிராணிப் புகையும், இழுப்பு நோயுள்ள வீட்டிலே நன்மையிலும் தீமையையே மிகுதியாகச் செய்யும்.

அவ்வாறாயின் நாவற்குடாக் குடும்பமொன்று செய்யத்தக்கது யாது? கச்சானின் கடைசி வெயில் இருக்கும்போதே போர்வைகளையும் பாய்களையும் வெளியிலே போட்டு உலர்த்தி எடுத்து வைக்கலாம். ஓடு உடைந்த இடத்தையும், கிடுகு இற்ற இடத்தையும் முதல் மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்; ஒழுகும் கூரையின் கீழ் எப்போர்வையும் பயன்படாது. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால், இரவிலே கடற்பக்கத்து யன்னலைச் சாத்தி, வாவிப் பக்கத்து யன்னலைச் சிறிது திறந்து வைத்தாற் காற்றோட்டமும் இருக்கும், குளிரும் அடிக்காது. முதியவரின் கட்டிலைச் சுவரோரத்திலிருந்தும் யன்னலின் நேரிலிருந்தும் விலக்கிப் போடலாம். வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றியே படுக்கையில் வைக்க வேண்டும். நீரிழிவு நோயாளரின் பாதத்துக்கு உணர்ச்சி குறைவாதலின், சூடு தெரியாது தோல் வெந்து, ஆறாத புண்ணாகி விடக்கூடும். அவர்களுக்குக் காலுறையே நலம். பாடசாலையால் நனைந்து வரும் பிள்ளைக்குக் கேள்வி கேட்கு முன்னர் உலர்ந்த துவாயையும் மாற்றுடையையும் கொடுக்க வேண்டும். இரவிலே படிக்கும் மாணவர்கள் ஈரத் தலையோடு யன்னலருகே அமரலாகாது. ஆட்டுக்கொட்டிலின் காற்றுவரும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, நிலத்தை ஈரமின்றி உயர்த்தி, உலர்ந்த வைக்கோல் பரப்பி விடலாம். 2022இல் மடிந்த கால்நடைகளுக்குக் கிடைக்காதுபோனவை பெரும்பாலும் இவ்வளவே: காற்றுக்கு ஒரு மறைப்பு, காலுக்கு உலர்ந்த நிலம், வயிற்றுக்கு நிறைந்த தீன்.

மட்டக்களப்பிலே ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும் பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களுள் விழுந்து விடுகின்றது. அம்மழையே பெரும்போக வயல்களை விளைவித்து நமக்குச் சோறிடுகின்றது. ஆதலால் வாடையை வெறுக்க வேண்டியதில்லை. வருவது தெரிந்திருந்தும் ஆயத்தமில்லாதிருத்தல்தான் ஆகாது.

கடல் கடந்த நாட்டிலுள்ள பிள்ளைகளிடம் அடுத்த முறை பேசுகையில், அங்கே சூடு போட்டாயிற்றா என்று கேட்பது போலவே, இங்குள்ள அம்மம்மாவுக்குப் போர்வை எடுத்தாயிற்றா என்று அவர்களும் கேட்கட்டும். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால், இரு வீட்டிலும் ஒரு வாரமேனும் முந்திக் காரியம் நடக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து போர்வைகளை வெளியே போடுங்கள்.